கால் சிரைகளைப் படம் பிடிக்கும் விதம்



விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பிறகு நிரைக்குள் இறங்கி மரத்துக்கு மரம் நடந்து பால் சீவியவர்களுக்குக் காலைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. செம்பனைக் காட்டில் குலை அறுப்பவர்களுக்கும், உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்களுக்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்த் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பொழுது சாயும்போது கால் கனக்கிறது. கணுக்கால் வீங்குகிறது. ஆடுசதை குடைகிறது. நாற்பது வயதைத் தாண்டிய பலருக்குக் கெண்டைக்காலில் புழு நெளிந்தது போல நீலநிறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கிறது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று சொல்லி, எண்ணெய் போட்டு நீவி, மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் காலுக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் படம் பிடித்துப் பார்க்கும் முறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். இதைப் பேசத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட ஒரு தாயார், "காலில் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டும், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டதும் பயந்து, கையெழுத்துப் போடாமலே வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. என்ன மருந்து, எங்கே ஏற்றுவார்கள், எதற்காக என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதே இந்த உரையின் வேலை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நாம் நரம்பு என்று சொல்வது நரம்பு அல்ல. நரம்பு என்பது மூளையிலிருந்து உடம்பெங்கும் ஓடி வலியையும் தொடு உணர்ச்சியையும் கொண்டுபோவது. அது வெளியே தெரியாது. காலில் நீலமாகத் தெரிவது இரத்தக் குழாய். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். காலில் சுருண்டு நிற்பது சிரை. இந்த வேறுபாடு தெரியாமல், "நரம்புத் தளர்ச்சி" மருந்தைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் சுருண்ட சிரைக்கு ஒரு பயனும் இல்லை.

இதயத்திலிருந்து பாதத்துக்கு இரத்தம் இறங்குவது எளிது. பாதத்திலிருந்து இதயத்துக்கு ஏறி வருவதுதான் சிரமம். நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்கு அது நான்கடி உயரம். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போல யாராவது அதை மேலே தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது நம் ஆடுசதைதான். நடக்கும்போது அந்தச் சதை இறுகித் தளர்கிறது. இறுகும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. அனுப்பிய இரத்தம் மறுபடி கீழே விழாமல் இருக்கச் சிரைக்குள் சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. வால்வு என்று டாக்டர்கள் சொல்வார்கள். கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் கரையில் வைத்திருக்கும் வாய்க்கால் கதவைப் பார்த்திருப்பார்கள். கடல் வற்றும்போது தோட்டத்துத் தண்ணீர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது கதவு தானே சாத்திக்கொள்ளும். உப்புத் தண்ணீர் உள்ளே வராது. சிரையின் கதவும் அப்படித்தான், ஒரு பக்கமாக மட்டும் திறக்கும்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இதை ஒரு கையின் படத்தைப் போட்டே விளக்கியிருக்கிறார். கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். முன்கையில் சிரை புடைத்துத் தெரியும். மணிக்கட்டுப் பக்கத்தில் அந்தச் சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாகச் சிரையை நீவிக்கொண்டே போய், மேல் விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். நீவிய பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலே இருக்கிற இரத்தம் கதவைத் தாண்டி இறங்காது. இப்போது கீழ் விரலையும் எடுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் கீழிருந்து இரத்தம் வந்து நிரம்பிவிடும். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை இதைச் செய்யச் சொன்னால், மணி அடித்த பிறகும் கையை விடமாட்டார்கள்.

இந்தக் கதவு பழுதாகிவிட்டால் என்ன ஆகும்? ஏறிய இரத்தம் மறுபடி இறங்கித் தேங்கும். தேங்கித் தேங்கிச் சிரை விரியும், நீளும், இடம் போதாமல் சுருளும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே தோல் கறுத்துத் தடித்து, அங்கே ஒரு புண் வரும். எளிதில் ஆறாத புண். நம்மவர்கள் அதை உடனே "சர்க்கரைப் புண்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். எல்லாப் புண்ணும் சர்க்கரைப் புண் அல்ல. சிரைக் கோளாறால் வரும் புண்ணுக்கு இறுக்கிக் கட்டும் கட்டுதான் முக்கிய வைத்தியம். ஆனால் அந்தக் கட்டைப் போடுவதற்கு முன் தமனியில் இரத்தம் சரியாக இறங்குகிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். தமனி அடைத்திருக்கிற காலில் இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காலில் இரண்டு வகைச் சிரைகள் இருக்கின்றன. தோலுக்கு அடியிலேயே ஓடுவது மேற்சிரை. சதைக்கு நடுவே, எலும்பை ஒட்டி ஓடுவது ஆழ்சிரை. கண்ணுக்குத் தெரிவது மேற்சிரை மட்டும். ஆனால் காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆழ்சிரை வழியாகத்தான் போகிறது. பெரிய சாலை உள்ளே இருக்கிறது. நாம் வெளியே இருக்கும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக் கவலைப்படுகிறோம்.

அந்தப் பெரிய சாலையில் இரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொண்டால், இரத்தம் வேறு வழி தேடும். மேற்சிரை வழியாக வளைந்து வளைந்து மேலே போகப் பார்க்கும். அப்போதும் வெளியே தெரிவது அதே சுருண்ட சிரைதான். கதவு பழுதாகிச் சுருண்டதா, உள்ளே அடைத்ததால் சுருண்டதா என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கதவு பழுதானதென்றால் அந்தச் சிரையை எடுத்துவிடலாம், அல்லது லேசர்ச் சூட்டால் மூடிவிடலாம். கால் நன்றாக இருக்கும். உள்ளே அடைத்திருக்கும்போது வெளிச்சிரையை எடுத்துவிட்டாலோ, இரத்தத்துக்கு இருந்த ஒரே சுற்றுவழியையும் அடைத்ததாகிவிடும். கால் மேலும் வீங்கும். ஆகவே, கத்தியை எடுக்கும் முன் உள்ளே பார்த்தாக வேண்டும்.

இதைவிட அவசரமான காரியம் ஒன்றும் உண்டு. ஆழ்சிரையில் உறைந்த கட்டி அங்கேயே கிடந்தால் கால் வீங்கி வலிக்கும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, இரத்தத்தோடு மேலே போய், இதயத்தைக் கடந்து நுரையீரலின் குழாயில் சிக்கிக்கொண்டால் மூச்சு முட்டும். சில சமயம் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். பிரசவமான 6 வாரத்துக்குள், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, காலில் மாவுக்கட்டுப் போட்டிருக்கும்போது, நோயாய் நெடுநாள் படுத்தே கிடக்கும்போது இது அதிகமாக வருகிறது. டாக்டர் காலைத் தொட்டு அழுத்திப் பார்த்து மட்டும் இதை நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. சாதாரணச் சதைப்பிடிப்பு மாதிரி இருக்கும், கட்டியாக இருக்கும். கட்டி மாதிரி இருக்கும், ஒன்றுமே இருக்காது.

சரி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்கன் என்ற அறிஞர் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அந்தக் கதிர் சதையை ஊடுருவிப் போய்விடும். எலும்பு அதைத் தடுக்கும். அதனால் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. இரத்தமும் சதையும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஆகவே சதைக்குள் ஓடும் இரத்தக் குழாய், தண்ணீருக்குள் போட்ட கண்ணாடித் துண்டு போலத் தெரியாமல் போய்விடுகிறது. அதைத் தெரியவைக்க வேண்டுமானால், கதிரைத் தடுக்கிற ஏதாவது ஒன்றைக் குழாய்க்குள் கலந்துவிட வேண்டும்.

இந்த எண்ணம் விஞ்ஞானிகளுக்கு உடனே வந்துவிட்டது. கதிர் கண்டுபிடித்த அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், வியன்னா நகரில் ஹாஷெக், லிண்டென்டால் என்ற இருவர், இறந்தவரின் கை ஒன்றில் சுண்ணாம்பும் ஜாதிலிங்கமும் எண்ணெயும் கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். ஒரே ஒரு படத்துக்கு 57 நிமிடம் பிடித்தது. குழாய்கள் மரத்தின் கிளைகள் போல அழகாகத் தெரிந்தன. ஆனால் உயிருள்ளவருக்கு அந்தக் குழம்பைச் செலுத்த முடியுமா? உடம்புக்குத் தீங்கு செய்யாத மருந்தைத் தேடுவதில் ஆண்டுகள் கழிந்தன. 1923-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்பெரிக்கும் ஹிர்ஷும் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு என்ற உப்பைக் கொண்டு உயிருள்ள மனிதரின் இரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். பிறகு அயோடின் கலந்த மருந்துகள் வந்தன. அயோடின் கனமான பொருள். எக்ஸ்ரே கதிரை நன்றாகத் தடுக்கும்.

காலின் சிரைகளை முறையாகப் படம் எடுக்கும் வழியை 1938-இல் போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் டாக்டர் சித் தோஸ் சாந்தோஸ் வெளியிட்டார். இவருடைய தந்தையாரும் அறுவை வைத்தியர். வயிற்றுப் பெருந்தமனியைப் படம் பிடித்துப் பெயர் பெற்றவர். தந்தை தமனி, மகன் சிரை என்று பங்கு போட்டுக்கொண்டது போலிருக்கிறது! அடுத்து 1940-இல், சுவீடன் நாட்டில் மரியெஸ்டாட் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் குன்னார் பாயர், இந்தப் படத்தின் துணையால் ஆழ்சிரைக் கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். கண்டுபிடித்ததும் ஹெப்பாரின் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார். அதற்கு முன் அத்தகைய நோயாளிகளை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்திருந்தார்கள். இவர் சில நாட்களிலேயே எழுந்து நடக்கவிட்டார். பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெரிய காரியம் நடக்கும் என்பதில்லை.

இந்தப் பரிசோதனைக்கு வெனோகிராம் என்று பெயர். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். செய்வது இப்படித்தான். நோயாளியை ஒரு மேசையில் படுக்கவைத்து, அந்த மேசையைத் தலைப்பக்கம் உயரும்படி சாய்ப்பார்கள். பாதி படுத்தது, பாதி நின்றது போல இருக்கும். பரிசோதிக்க வேண்டிய கால் பாரம் தாங்கக்கூடாது. அதனால் மற்றக் காலின் கீழே ஒரு கட்டையை வைத்து அதில் நிற்கச் சொல்வார்கள். காலின் சதை இறுகினால் சிரை நசுங்கிப் படம் தவறாகிவிடும். "காலைத் தளர விடுங்கள்" என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான். பிறகு பாதத்தின் மேற்புறத்தில் ஒரு மெல்லிய சிரையில் சிறிய ஊசியைப் போடுவார்கள். வலி என்று சொன்னால் அந்த ஊசி குத்துகிற வலிதான். கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டையைச் சற்று இறுக்கிக் கட்டுவதும் உண்டு. மேற்சிரையை அடைத்துவிட்டால் மருந்து ஆழ்சிரைக்குள் இறங்கிப் போகும் அல்லவா? கால் கறுக்கிறதே, மரக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பட்டையைச் சீக்கிரம் அவிழ்த்துவிடுவார்கள்.

மருந்து மெதுவாக ஏறும்போது திரையில் அது பாதத்திலிருந்து ஆடுசதைக்கும், முழங்காலுக்கும், தொடைக்கும், அடிவயிற்றுக்கும் ஏறுவதை டாக்டர் பார்த்துக்கொண்டே படங்களை எடுப்பார். கால் சற்றுச் சூடாக இருக்கும். உடம்பு முழுவதும் வெதுவெதுப்பாகவும், வாயில் இரும்பைச் சுவைத்தது போலவும், சிலருக்குச் சிறுநீர் கழிந்துவிட்டது போலவும் தோன்றும். கழிந்திருக்காது, கூச்சப்பட வேண்டாம். ஊசி குத்திய இடத்தில் மட்டும் எரிந்து வீங்கினால் உடனே வாய் திறந்து சொல்ல வேண்டும். மருந்து சிரைக்கு வெளியே கசிகிறது என்று பொருள். "பெரியவங்க வேலை செய்யும்போது பேசக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது நம் தாய்மார்களின் வழக்கம். அந்த மேசையில் அது நல்ல வழக்கம் அல்ல.

முடிந்ததும் மருந்தை அலசிவிட உப்பு நீரைச் செலுத்திவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சிரையின் கதவு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் வேறு விதமாகச் செய்வார்கள். தொடை இடுக்கில் மருந்தைச் செலுத்தி, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வார்கள். நல்ல கதவு மருந்தை அங்கேயே நிறுத்தும். கெட்ட கதவு கீழே விழவிடும்.

படத்தில் என்ன தெரியும்? மருந்து போன வழியெல்லாம் வெள்ளையாகத் தெரியும். பால் சீவியவர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம். வெட்டுக் கோட்டில் பால் ஒழுங்காக வழிந்து வரும்போது ஒரே வெள்ளைக் கோடாக இருக்கிறது. நடுவில் ஒரு பட்டைத் துணுக்கு விழுந்துவிட்டால்? பால் அதன் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். நடுவில் துணுக்கின் உருவம் கறுப்பாகத் தெரியும். உறைந்த கட்டி படத்தில் தெரிவதும் அச்சாக அப்படியே. இரு ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவில் கறுத்த இடைவெளி. அடியோடு அடைத்திருந்தால் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் வெட்டுண்டது போல நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னச் சிரைகள் சுற்றுவழியாக நிரம்பியிருக்கும்.

"காலுக்குள்ளே அயோடின் ஊத்தப் போறாங்களாம், என்னங்க, எரிஞ்சு போயிடாதா?" என்று மனைவி கேட்பார். "டிரெஸ்ஸர் புண்ணுல தடவுனாலே உயிர் போகுதே" என்று கணவரும் கூடச் சேர்ந்துகொள்வார். புண்ணில் தடவிய டிஞ்சர் அயோடினும் இதுவும் ஒன்றல்ல. இந்த மருந்தில் அயோடின் வேறு பொருள்களோடு இறுகக் கட்டுண்டு இருக்கிறது, அது எரிக்காது. ஆனால் பழைய மருந்துகள் உண்மையாகவே வலித்தன. அவை இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவுள்ளவை. மிகச் சிலருக்குப் பரிசோதனையே சிரையைப் புண்ணாக்கி, புதிதாகக் கட்டி உண்டாக்கியதும் உண்டு.

அந்த வலியைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டு டாக்டர் டோர்ஸ்டென் அல்மேன். கடலில் நீந்தும்போது கண்ணைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. தம் நாட்டின் மேற்குக் கரையில் உப்பு மிகுந்த கடலில் கண் எரிந்தது. கிழக்கே பால்டிக் கடலில் உப்பு குறைவு. அங்கே கண் எரியவில்லை. கண்ணீரின் உப்பும் அந்தத் தண்ணீரின் உப்பும் ஏறக்குறைய ஒத்திருப்பதுதான் காரணம். அப்படியானால் மருந்தின் செறிவையும் இரத்தத்தின் செறிவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் வலிக்காதே என்று அவர் எண்ணினார். 1969-இல் அதை எழுதி வெளியிட்டார். 1980-களில் அந்த வகைப் புதிய மருந்துகள் உலகெங்கும் பரவின. இன்று ஆஸ்பத்திரிகளில் ஏற்றுவது அந்த வகையே. ஆகவே, "எங்க பாட்டி அந்தக் காலத்துல பட்ட பாடு" என்று யாராவது சொன்னால், அது உண்மையாக இருக்கலாம்; ஆனால் அந்த மருந்து வேறு.

இன்றைக்குக் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லாருக்கும் இந்தப் படம் எடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் செய்வது டாப்ளர் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே ஒலி அலை ஸ்கேன்தான். ஊசி இல்லை, மருந்து இல்லை, கதிரும் இல்லை. கருவியைத் தொடையில் வைத்துச் சிரையை அழுத்துவார்கள். நல்ல சிரை இரப்பர்க் குழாய் போல நசுங்கும். கட்டி இருக்கிற சிரை நசுங்காது. இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, கதவு ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஸ்ட்ராண்ட்னஸ் குழுவினர் 1970-களில் இதற்கான கருவியை உருவாக்கினார்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

போதாத இடம் ஒன்று இருக்கிறது. அடிவயிற்றுக்குள், குடலுக்குப் பின்னால் ஓடும் பெரிய சிரையை ஒலி அலையால் தெளிவாகப் பார்ப்பது கடினம். அந்த இடத்தில் இடக்காலின் சிரை, வலக்காலுக்குப் போகும் தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே செல்கிறது. தமனி துடிக்கும்போதெல்லாம் சிரையை நசுக்குகிறது. 1957-இல் மே, துர்னர் என்ற இரு மருத்துவர்கள், இறந்தவர்கள் 430 பேரின் உடல்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 22 பேருக்கு அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு போன்ற தடிப்பைக் கண்டார்கள். கட்டியும் வீக்கமும் இடக்காலில் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். இந்த மாதிரி இடத்தைப் பார்க்கத்தான் மருந்து ஏற்றும் படம் இன்றும் தேவைப்படுகிறது. சி.டி. ஸ்கேனில் கையில் மருந்தை ஏற்றி எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அயோடினுக்குப் பதிலாக கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். நசுங்கிய சிரைக்குள் வலைபோன்ற குழாயை வைத்து விரிக்க வேண்டுமென்றால், பழைய வெனோகிராம் முறைப்படி திரையில் பார்த்துக்கொண்டேதான் வைக்க முடியும்.

மருந்து ஏற்றும் முன் டாக்டரிடம் அல்லது தாதியிடம் சில செய்திகளைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். முன்பு எப்போதாவது இப்படி மருந்து ஏற்றி உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா? ஆஸ்துமா உண்டா? சிறுநீரகத்தில் கோளாறு உண்டா? கழுத்துக் கழலை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? பெண்களானால் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டா? நம் மக்களிடையே நீரிழிவு மிகுதி. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்த மாத்திரையை 2 நாள் நிறுத்தி, இரத்தம் சோதித்து, மறுபடி தொடங்கச் சொல்வார்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக்கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் பிள்ளைக்கு வழக்கம் போலப் பால் கொடுக்கலாம். மருந்து பாலில் மிக மிகக் குறைவாகவே இறங்கும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்து ஆகாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. தாதிகளில் சிலர்கூட இன்னும் கேட்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதில் இருக்கும் புரதம், அயோடின் அல்ல. அந்த ஒன்றை வைத்துப் பரிசோதனையை மறுக்கத் தேவையில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

எல்லா வீக்கத்துக்கும் சிரையைப் படம் எடுக்கச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம். இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் இவற்றைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார். யானைக்கால் வீக்கம் சிரையைச் சேர்ந்ததே அல்ல. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, ஆடுசதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால்தான் அன்றைக்கே போக வேண்டும். அந்தக் காலை உருவவே கூடாது. பிள்ளை பெற்ற வீட்டில் காலைப் பிடித்து நன்றாக நீவி விடுகிற பாட்டிமார்களின் கை நல்ல கைதான். ஆனால் ஒற்றைக் கால் வீங்கியிருக்கும்போது அந்தக் கை கட்டியைப் பெயர்த்து அனுப்பிவிடக்கூடும். "நாளைக்குச் சம்பள நாள், நாளை மறுநாள் போகலாம்" என்றும் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், இருமும்போது இரத்தம் வந்தால் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேட்க வேண்டும்.

பரிசோதனை முடிந்து வீடு திரும்பினால் நிறையத் தண்ணீர் குடியுங்கள். மருந்து ஒரு நாளுக்குள் சிறுநீரில் இறங்கிவிடும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் படுத்தே கிடக்காமல் நடமாடுங்கள். ஊசி குத்திய பாதம் சிவந்தாலோ, மறுநாள் கால் முன்னைவிட வீங்கினாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள். கட்டி இருப்பது தெரிந்து இரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தால், வீக்கம் வற்றிவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். அந்த நாட்களில் பல் பிடுங்கப் போனாலும், நாட்டு மருந்து வாங்கப் போனாலும், இந்த மாத்திரையைச் சாப்பிடுவதாக முதலில் சொல்லிவிடுங்கள். படத்தின் அறிக்கைத் தாளை அடையாளக் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். ஐந்து வருடம் கழித்து அதே கால் வீங்கினால், புதிய அடைப்பா, பழைய தழும்பா என்பதை அடுத்த டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார்.